மூன்று சிசிஐஇ பூட்கேம்ப்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

சிஸ்கோ நிறுவனம் நெட்வொர்க் பொறியாளர்களுக்குத் தரும் உயர்நிலைச் சான்றிதழ் சிசிஐஇ. அதன் என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிரிவின் லேப் (செய்முறை) தேர்வுக்கு என்று விற்கப்படும் தீவிரப் பயிற்சிகள் மூன்றில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றும் மூன்று ரகம். ஒன்று காலையிலிருந்து மாலை வரை வகுப்பு. இன்னொன்று ஒர்க்புக்கை வைத்து ஓட்டுவது. மூன்றாவது முழுக்க முழுக்க மாதிரித் தேர்வு. நடத்தியவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. இந்தத் துறையில் பயிற்றுநர்கள் நிறுவனம் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆள் மாறினால் அதே பெயர்ப்பலகையின் கீழ் வேறொரு பயிற்சிதான் நடக்கும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மாதிரி லேபை எப்படி நடத்துகிறார்கள், அதை யார், எப்படித் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு ஒழுங்கான பதில் வராத இடத்தில் மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் நான் பணம் கட்ட மாட்டேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. சிஸ்கோ இதை 1993இல் தொடங்கியபோது லேப் இரண்டு நாள் நடக்கும். 2001இல் அது ஒரே நாள், எட்டு மணி நேரம் என்று ஆனது. 2020 பிப்ரவரியில் எல்லாச் சான்றிதழ்களையும் மொத்தமாக மாற்றியமைத்தார்கள். அதிலிருந்து 350-401 என்கிற என்கோர் தேர்வில் தேறினால் லேபுக்கு உட்காரலாம். அந்த எட்டு மணி நேரம் இரண்டாகப் பிரியும். முதல் மூன்று மணி நேரம் டிசைன்: ரவுட்டர், ஸ்விட்ச் எதையும் தொட முடியாது. மின்னஞ்சல்கள், வரைபடங்கள், வாடிக்கையாளரின் தேவைகள், நிபந்தனைகள் எல்லாம் கொடுத்து, அவற்றை வைத்துக் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லிக் கடந்துவிட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. அடுத்த ஐந்து மணி நேரம் டெப்லாய், ஆபரேட், ஆப்டிமைஸ்: கை வைத்துச் செய்வது. இரண்டு பகுதிக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு, அதற்கு மேல் மொத்தத்திலும் தேற வேண்டும். டிசைனில் கோட்டை விட்டுவிட்டு அப்புறம் கமாண்ட் அடித்துச் சரிக்கட்டலாம் என்பது நடக்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் போன முதல் பயிற்சிக்கு இது தெரிந்த மாதிரியே இல்லை. தேர்வு மாறிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தும், அவர்களுடைய கால அட்டவணையில் பழைய வடிவத்தின் ட்ரபிள்ஷூட்டிங் டிக்கெட்டுகளுக்கு ஒரு முழு நாள் இருந்தது. டிசைனுக்குக் கடைசி நாள் மதிய உணவுக்குப் பிறகு மிஞ்சிய நேரம். எட்டு மணி நேரத் தேர்வில் மூன்று மணி நேரம் பிடிக்கிற ஒரு பகுதிக்கு அவ்வளவுதான் ஒதுக்கீடு. ஆட்டோமேஷன் பக்கமே போகவில்லை. ப்ளூபிரிண்டில் (தேர்வின் பாடத்திட்டத்தில்) அதற்குப் 15 சதவீதம்! நெட்வொர்க் இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்கு 30, சாஃப்ட்வேர் டிஃபைண்டு பகுதிக்கு 25, டிரான்ஸ்போர்ட்டுக்கும் செக்யூரிட்டி, சர்வீஸஸுக்கும் தலா 15 என்று சிஸ்கோவே எழுதி வைத்திருக்கிறது. பயிற்சியின் அட்டவணையை வாங்கி இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

அந்த முதல் பயிற்சியில் நல்லது எதுவும் இல்லையா என்றால், இருந்தது. பயிற்றுநர் விஷயம் தெரிந்தவர். ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃபில் டைப் 7 எல்எஸ்ஏ (வழித்தகவல் அறிவிப்பு) எங்கே டைப் 5 ஆக மாறுகிறது, ஃபார்வர்டிங் அட்ரஸ் ஏன் அதற்குள் இருக்கிறது என்று போர்டில் வரைந்து அவர் சொன்ன ஒரு மணி நேரம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. ஆனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். மாலை ஆறு மணிக்கு மேல் "இப்போது லேப் செய்யுங்கள்" என்று விட்டுவிட்டுப் போய்விடுவார். களைத்துப்போன மூளையோடு, சந்தேகம் கேட்க ஆளில்லாமல், இரண்டு பேருக்கு ஒரு ரேக் (பயிற்சிக்கான கருவித் தொகுப்பு) என்று தட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் போர்டு வகுப்பைக் காணொளியாக வீட்டிலேயே பார்த்திருக்கலாம். நேரில் போய் உட்காருவதே கை வைத்துச் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பார் என்பதற்காகத்தானே.

எஸ்டி-அக்சஸ் (அலுவலக நெட்வொர்க்கை மென்பொருளால் மையமாக நிர்வகிக்கும் முறை) பாடம் அதைவிட மோசம். எல்லாமே டெமோ. பயிற்றுநரின் திரையில், அதற்கான நிர்வாக மென்பொருளான கேட்டலிஸ்ட் சென்டரை அவர் கிளிக் செய்வார், நாங்கள் பார்ப்போம். ஒரு வகையில் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கேட்டலிஸ்ட் சென்டரை மெய்நிகர் இயந்திரமாக ஓட்டவே 32 விசிபியு, 256 ஜிபி ரேம் வேண்டும். ஆளுக்கு ஒன்று கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் விளம்பரத்தில் "எஸ்டி-அக்சஸ் ஹேண்ட்ஸ்-ஆன்" என்று போட்டிருந்தார்கள். என் ஹேண்ட் எதிலும் படவில்லை. யாராவது அப்படி விளம்பரம் செய்தால், "ஃபேப்ரிக் எட்ஜ், பார்டர், கன்ட்ரோல் பிளேன் நோடுகளை நானே உருவாக்குவேனா, நீங்கள் உருவாக்குவதைப் பார்ப்பேனா?" என்று கேட்டுவிடுங்கள். கிளை அலுவலகங்களை இணைக்கும் எஸ்டி-வானுக்கும் அதே கேள்விதான்.

இரண்டாவது பயிற்சி ஒர்க்புக் ரகம். கனமான ஒரு தொகுப்பு, தலைப்பு வாரியாகச் சிறு சிறு லேப்கள், பின்னால் விடைகள். பயிற்றுநர் கூடவே தட்டிக் காட்டுவார். இதில் ஒரு ஆபத்து உண்டு. விடை கையில் இருப்பதால், பாதிப் பேர் நோட்பேடில் ஒட்டி அப்படியே ரவுட்டரில் இறக்கிவிட்டு அடுத்த லேபுக்குப் போய்விடுகிறார்கள். வேகமாக முடித்தவர் என்ற பெருமையும் கிடைக்கிறது. அதைத் தடுக்கப் பயிற்சியின் அமைப்பில் எதுவும் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் அச்சிட்டிருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. லேப் தேர்வில் "ஸ்டாட்டிக் ரூட் போடாதே", "ஏற்கனவே உள்ள ஆக்சஸ் லிஸ்டைத் தொடாதே" என்று ஒரு வரி சேர்ந்தாலே அச்சிட்ட விடை செல்லாக்காசு.

ஆனால் ரீடிஸ்ட்ரிபியூஷனுக்கு (ஒரு நெறிமுறையின் வழிகளை இன்னொன்றுக்குள் தள்ளுவதற்கு) ஒதுக்கிய அந்த ஒரு நாளுக்காகவே இந்தப் பயிற்சிக்குப் பாதிக் காசு நியாயம் என்பேன். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்பது அதில்தான் தெரிந்தது.

ஒரு பக்கம் ஈஐஜிஆர்பி என்கிற இன்னொரு நெறிமுறை, மறுபக்கம் ஓஎஸ்பிஎஃப். நடுவில் இரண்டு ரவுட்டர்கள், இரண்டிலுமே இரு திசையிலும் ரீடிஸ்ட்ரிபியூஷன். ஈஐஜிஆர்பி பக்கம் உள்ளே ஒரு ரவுட்டர், ஒரு நெட்வொர்க்கை எக்ஸ்டர்னலாக (வெளியிலிருந்து வந்ததாக) அறிவிக்கிறது. அதன் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (எந்த நெறிமுறையின் வழியை நம்புவது என்று ரவுட்டர் பார்க்கும் எண்) 170. முதல் எல்லை ரவுட்டர் அதை ஓஎஸ்பிஎஃபுக்குள் தள்ளுகிறது. இரண்டாவது எல்லை ரவுட்டருக்கு அதே நெட்வொர்க் இப்போது இரண்டு வழியாக வருகிறது: ஈஐஜிஆர்பி 170, ஓஎஸ்பிஎஃப் 110. குறைந்த எண்தான் ஜெயிக்கும். ஆகவே அது ஓஎஸ்பிஎஃப் வழியைப் பிடித்துக்கொண்டு, அதையே திரும்ப ஈஐஜிஆர்பிக்குள் தள்ளுகிறது. அப்படித் தள்ளும்போது கொடுத்த மெட்ரிக் (வழியின் செலவுக் கணக்கு) அசலைவிட நன்றாக இருந்துவிட்டால், முதல் ரவுட்டரும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். பாக்கெட் இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி டிடிஎல் (பாக்கெட்டின் ஆயுள் எண்ணிக்கை) தீர்ந்து சாகும். ரவுட்டர்களுக்கு இடையிலான நெய்பர்ஷிப் எல்லாம் அப்படியே உயிரோடு இருக்கும். லாகில் ஒரு புகாரும் வராது.

பயிற்றுநர் இதைச் சொல்லவில்லை. டோப்பாலஜியைக் கொடுத்து, "பிங் போகவில்லை, ஏன் என்று கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். யாராவது டீபக் போடப் போனால், "முதலில் ட்ரேஸ்ரூட் என்ன சொல்கிறது?" என்பார், அவ்வளவுதான். (பாக்கெட் எந்தப் பாதையில் போகிறது என்று ட்ரேஸ்ரூட் காட்டும்.) கண்டுபிடித்த பிறகு ஆளுக்கொரு தீர்வு சொன்னோம். பெரும்பாலோர் ரூட் டேக் (வழிக்கு ஓர் அடையாள எண்) போட்டு, அந்த டேக் உள்ளதைத் திரும்பி வராமல் தடுப்பது என்றார்கள். ஒருவர் இரண்டு எல்லை ரவுட்டர்களிலும் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னலின் டிஸ்டன்ஸை 171 ஆக்கிவிட்டார். ஒரே வரி, வேலை முடிந்தது. அறை முழுக்கப் பாராட்டு.

"சரி, ஓஎஸ்பிஎஃப் பக்கமும் தனக்கென்று எக்ஸ்டர்னல் ரூட் வைத்திருந்தால்?" என்றார் பயிற்றுநர்.

அமைதி. ஏனென்றால் அப்போது பிரச்சினை தீரவில்லை, பக்கம் மாறியிருக்கிறது. ஓஎஸ்பிஎஃபின் சொந்த எக்ஸ்டர்னல் இப்போது 171. அது ஒரு எல்லை வழியாக ஈஐஜிஆர்பிக்குள் போய் மறு எல்லைக்கு 170 ஆக வரும்போது ஜெயித்துவிடும். ஒரு லூப்பை அணைத்துவிட்டு இன்னொன்றுக்குத் திரி வைத்திருக்கிறோம். அன்றைக்கு மதியம் முழுவதும் அதிலேயே போனது. டேக் போடத் தடை இருந்தால் என்ன, டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் மட்டும் அனுமதி என்றால் என்ன, குறிப்பிட்ட நெட்வொர்க்குகளுக்கு மட்டும் டிஸ்டன்ஸ் மாற்றினால் என்ன என்று ஒவ்வொன்றாக. ஒர்க்புக்கில் அந்த லேபுக்கு இருந்தது அரைப் பக்க விடை. ஒர்க்புக்கை விட்டு அவர் வெளியே வந்த ஒவ்வொரு முறையும் பயிற்சி நன்றாக இருந்தது. வருத்தம் என்னவென்றால், பெரும்பாலான நாட்கள் அவர் வெளியே வரவில்லை. முடித்தாக வேண்டிய பக்கங்கள் பாக்கி இருந்தன.

மாதிரி லேப் ஒன்று கடைசியில் வைத்தார்கள். ஸ்கிரிப்ட் திருத்தி, டாஸ்க் வாரியாகச் சரி, தவறு என்று ஒரு பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. ஏன் தவறு என்று கேட்டுப் பதில் அனுப்பினேன். விடைத்தாளை அனுப்பினார்கள்.

மூன்றாவது பயிற்சி இந்த இடத்தில்தான் வேறுபட்டது. அங்கே பாடமே கிடையாது. "தியரி தெரியாவிட்டால் வராதீர்கள்" என்று சேர்வதற்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தார்கள். சேர ஒரு சின்ன நுழைவுச் சோதனையும் உண்டு. பணம் கொடுக்க வருபவரைத் திருப்பி அனுப்பத் தயாராக இருக்கும் ஒரு நிறுவனத்தை நான் பார்த்தது அப்போதுதான். ஒரு நாள் எட்டு மணி நேரத் தேர்வு, மறுநாள் அதைப் பிரித்துப் பார்ப்பது, அடுத்த நாள் மறுபடி தேர்வு. இப்படியே முழு முகாமும். டிசைன் பகுதியில் பின்னால் போகும் பொத்தான் நிஜமாகவே வேலை செய்யாது. மூன்று மணி நேரம் முடிந்தால் திரை மூடிவிடும்.

திருத்தும் விதத்துக்கு ஒரு உதாரணம். கிளை அலுவலகங்களை ஹப் என்கிற மைய ரவுட்டரோடு இணைக்கும் டிஎம்விபிஎன் ஃபேஸ் 3 பற்றி ஒரு டாஸ்க்: கிளைகளுக்கு இடையே போகும் டேட்டா ஹப்பைத் தொடாமல் நேராகப் போக வேண்டும். என் பக்கத்தில் இருந்தவர் ஹப்பில் என்ஹெச்ஆர்பி ரீடைரக்ட் (நேர்வழி உண்டு என்று கிளைக்குச் சொல்லும் கட்டளை) போட்டார், எல்லாக் கிளைகளிலிருந்தும் எல்லாக் கிளைகளுக்கும் பிங் அடித்தார், எல்லாம் போனது, அடுத்த டாஸ்க்குக்குப் போய்விட்டார். மறுநாள் அந்த டாஸ்க்குக்குப் பூஜ்யம். பாதி மதிப்பெண் என்பது அங்கே கிடையாது. மனிதர் கொதித்துப்போய்விட்டார். திருத்தியவர் அவருடைய ரேக்கை அதே நிலையில் திறந்து வைத்து, ஒரு கிளையிலிருந்து ட்ரேஸ்ரூட் அடிக்கச் சொன்னார். ஹப் வழியாகப் போனது. "முதல் முறை அப்படித்தான் போகும், ரெசொல்யூஷன் ஆக வேண்டுமே" என்று இவர் வாதம். "சரி, மறுபடி அடியுங்கள்." மறுபடியும் ஹப். அந்த ஒரு கிளையில் மட்டும், ஏற்கனவே ஏற்றி வைத்திருந்த கான்ஃபிகில், அந்த நேர்வழியைப் பிடிக்க வைக்கும் என்ஹெச்ஆர்பி ஷார்ட்கட்டை அணைத்து வைத்திருந்தார்கள். பிங் அதைக் காட்டிக்கொடுக்கவே கொடுக்காது. ட்ரேஸ்ரூட்டை இரண்டு முறை அடித்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

திருத்தியவர் அதோடு விடவில்லை. அன்றைய தேர்வின் ஒவ்வொரு டாஸ்க்குக்கும், "இது நடந்துவிட்டது என்று எந்த ஷோ கமாண்டை வைத்து நிரூபிப்பீர்கள்?" என்று எல்லோரையும் ஒரு வரி எழுத வைத்தார். கேள்வியில் உள்ள வினைச்சொல்லைச் சோதிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "நேராகப் போக வேண்டும்" என்றால் பாதையைச் சோதி. "அரை நொடிக்குள் மாற வேண்டும்" என்றால் லிங்கை அணைத்துவிட்டு நேரத்தை எண்ணு. பிங் போனால் போதும் என்று கேள்வியே சொன்னால் ஒழிய பிங்கை நம்பாதே.

டிசைன் கேள்விகளையும் இப்படித்தான் பிரித்தார்கள். ஒரு மாதிரிக் கேள்வியில், இணையப்போகும் இரண்டு நிறுவனங்களின் முகவரிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்ற தகவல், விருந்தினர் வைஃபை பற்றிய மின்னஞ்சல் ஒன்றின் அடியில் ஒரே ஒரு வாக்கியமாக இருந்தது. அதைப் பார்க்காதவர்கள் எவ்வளவு அழகாக ரூட்டிங் திட்டம் போட்டாலும் வீண். விடையைச் சொல்லுவதோடு, எந்த மின்னஞ்சலின் எந்த வாக்கியம் எந்தத் தேர்வை அடித்துப்போடுகிறது என்று விரல் வைத்துக் காட்டினார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. டிசைன் கேள்விகள் எண்ணிக்கையில் குறைவு, மூன்றாவது தேர்விலேயே சிலவற்றின் வாடை பழகிவிட்டது. இரண்டு விடைகளில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாதாடினோம், அவர்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, "எங்கள் விடை இதுதான்" என்று முடித்துவிட்டார்கள். எஸ்டி-வான் டாஸ்க்குகள் பரவாயில்லை ரகம். டெம்ப்ளேட் ஏற்றுவது, ஓஎம்பி (எஸ்டி-வானின் வழிப்பகிர்வு நெறிமுறை) ரூட் வருகிறதா பார்ப்பது, பாலிசி ஒன்று எழுதுவது, அதற்கு மேல் ஆழம் போகவில்லை. பைதான் டாஸ்க்குகளில் பாதி எழுதிய ஸ்கிரிப்டை நிரப்பச் சொன்னார்கள், அது எனக்குப் போதுமானதாகவே பட்டது. அப்புறம் கட்டணம். மூன்றில் இதுதான் அதிகம். ஒரு திருத்துநருக்குக் கீழே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் என்பதால் அது எதற்குப் போகிறது என்று புரிகிறது.

ஆன்லைனா, நேரிலா என்று கேட்பவர்களுக்கு: இரண்டாவது ரகம் ஆன்லைனில் எதையும் இழக்காது. மூன்றாவது ரகத்தை நேரில் செய்வதே மேல். உங்கள் ரேக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்பதைத் திரைப் பகிர்வு ஈடு செய்யவில்லை. ஆன்லைனில் போவதாக இருந்தால் கன்சோல் எவ்வளவு தாமதமாக எதிர்வினை தருகிறது என்று ஒரு மணி நேரமாவது முன்கூட்டியே சோதிக்கக் கேளுங்கள். எழுத்துக்கு எழுத்து காத்திருந்து ஐந்து மணி நேரம் தட்டினால் மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

"பாஸ் கேரண்டி" என்று போட்டிருந்தால் அதன் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். நான் படித்தவற்றில் அதன் பொருள், தோற்றால் அதே வகுப்பில் மறுபடி இலவசமாக உட்காரலாம் என்பதுதான். தேர்வுக் கட்டணம் உங்களுடையது. "உண்மையான லேப் டோப்பாலஜி கிடைக்கும்" என்று கிசுகிசுப்பவர்கள் வேறு ஜாதி. அது டம்ப் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்விகள்) வியாபாரம். தேர்வில் உட்காருபவர் ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார், மீறினால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்யும். அப்படி வாங்கியவர்களை வேலைக்கான நேர்காணலில் நான் சந்தித்திருக்கிறேன். மேலே சொன்ன ரீடிஸ்ட்ரிபியூஷன் படத்தை வரைந்து ஒரு கேள்வி கேட்டால் போதும்.

எதற்கும் போவதற்கு முன் சொந்த லேப் ஒன்று இருக்கட்டும். கணினியிலேயே நெட்வொர்க்கை உருவாக்கிப் பார்க்கும் மென்பொருள்களான இவிஇ-என்ஜி, ஜிஎன்எஸ்3, சிஸ்கோவின் சிஎம்எல் எதுவானாலும் சரி. சிஎம்எல்லின் இலவசப் பதிப்பில் ஐந்து நோடுகள் (மெய்நிகர் கருவிகள்) ஓட்டலாம். இரண்டு எல்லை ரீடிஸ்ட்ரிபியூஷனை உடைத்துப் பார்க்க அதுவே போதும். என்கோர் தேறிய சூட்டோடு பூட்கேம்ப்புக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மூன்றாவது ரகம் வெறும் தண்டனை, முதல் ரகம் இன்னொரு முறை கேட்கும் பாடம். அந்தக் கட்டத்தில் ஒர்க்புக் ஒன்றை வாங்கி விடைப் பக்கங்களைத் திறக்காமல் வீட்டிலேயே தட்டுவது மேல்.

மறுபடி பணம் கொடுப்பேனா? மூன்றாவதுக்கு, ஆம், தேர்வுத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால். இரண்டாவதில் ஒர்க்புக்கை மட்டும் தனியாக விற்றால் வாங்குவேன், அந்தப் பயிற்றுநர் வேறு எங்காவது போனால் அங்கேயும் போய்ப் பார்ப்பேன். முதலாவதுக்கு இல்லை.

ஏற்கனவே சிசிஐஇ வைத்திருப்பவர்கள் புதுப்பிப்பதற்குப் பூட்கேம்ப் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், அதற்குள் 120 கன்டினியூயிங் எஜுகேஷன் கிரெடிட் சேர்த்தால் லேப் பக்கமே போகாமல் புதுப்பித்துக்கொள்ளலாம்.